கடைசியாக வாசிக்கப்படும் கோப்பு

அந்தப் புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வேலை முடிந்தது. ஐறீன் கீழே இறங்கிப்போய்ப் பேக்கரியில் இரண்டு மீன் பணிஸ் வாங்கி வந்தாள். தவக்காலம் தொடங்கி ஒரு கிழமை ஆகியிருந்தது. அவள் இறைச்சி தொடமாட்டாள். பணிஸைத் தாளோடு என் மேசையில் வைத்துவிட்டுக் கணினித் திரையைக் குனிந்து பார்த்தாள்.

"கனகாக்கா, இன்டைக்கு இருபத்தாறு கடிதம்தான் வந்திருக்கு. நேத்து நானூறு."

"எல்லாம் உண்மையான கடிதமோ எண்டு பாரும்."

"ஓம். ஒரு மாத்திரைக்காரனும் இல்ல, மணிக்கூடு விக்கிறவனும் இல்ல. எனக்கே பாவமா இருக்கு. இனி எங்கள ஆரு விசாரிக்கிறது?"

நான் சிரித்தேன். பணிஸ் சூடாக இருந்தது. மிளகு கொஞ்சம் கூட. 2008ஆம் ஆண்டு, மாசி, அதாவது பெப்ரவரி, பதின்மூன்றாம் திகதி. சாதாரணமான காரியம் என்று நான் நினைவில் வைத்திருக்கும் கடைசிக் காரியம் அந்தப் பணிஸைத் தின்றதுதான்.

எங்கள் அலுவலகம் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் சாமான்களைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது தொழில். முதலாளி றொபேட். நானும் ஐறீனும் கடிதங்களைப் பார்ப்போம், தட்டச்சு செய்வோம். கணினிகளையும் மின்னஞ்சல் சேர்வரையும் பார்த்தவர் என் கணவர் தில்லைநாதன். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அதற்கு முந்திய மார்கழியில் நடந்த சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். அவரும் அதில் ஒருவர். காலிப் பக்கத்தில் ஒரு தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பார்க்க விடுவார்கள்.

றொபேட் நல்ல மனிதர். என் கணவருடைய சம்பளத்தில் பாதியை எனக்குத் தந்து, அவருடைய வேலையையும் பார்க்கச் சொன்னார். ஆனால் ஸ்பாம் என்கிற குப்பைக் கடிதம் றொபேட்டின் பொறுமையைத் தின்றுகொண்டிருந்தது.

"மிஸிஸ் தில்லை, ஒரு நாளைக்கு நானூறு. நான் கடிதம் தேடுறதா, கப்பல் தேடுறதா? தில்லை இருக்கிற நேரமும் சொன்னேன். இந்த ஃபில்டர் கிழடாப் போச்சு, புதுசப் போடு எண்டு. ரெண்டு வருஷமா நாளைக்கு, நாளைக்கு. அவ்வளவு கெட்டிக்காரன், இதில மட்டும் ஏன் சோம்பேறி?"

எனக்கும் அது விளங்கவில்லை. குப்பையைப் பிடிக்கும் விதிகள் 2004இல் எழுதப்பட்டவை. குப்பை அனுப்புகிறவர்கள் அதற்குள் நாலு தடவை உத்தியை மாற்றிவிட்டார்கள். அவர் சோம்பேறி அல்ல. அலுமாரிக் கதவின் ஆணி ஆடினாலும் அன்றைக்கே இறுக்குகிறவர்.

புது விதிகளைப் போடுவது எப்படி என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தை வீட்டில் சோறு தின்றுகொண்டே அவர் அதைப் பல தடவை கதைத்திருக்கிறார். சேர்வருக்குள் இரண்டு பெட்டிகள். ஒன்று அவையின்ரை. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் தந்த விதிகள், நாலாயிரம் வரிக்கு மேல். மற்றது எங்கடை. அதில் ஒரே ஒரு கோப்பு. எங்கள் அலுவலகத்துக்கு மட்டும் உரிய விதிவிலக்குகள் அதில் இருக்கும். இயந்திரம் முதலில் அவையின்ரையை வாசிக்கும். எங்கடையைக் கடைசியாக வாசிக்கும். கடைசியாக வாசித்ததுதான் செல்லும்.

"அவையின்ரையை எப்பவும் தூக்கி எறியலாம், கனகா. எங்கடையிலை மட்டும் கை வைக்கக் கூடாது. அதே நேரம், எங்கடையைக் கொண்டுபோய் அவையின்ரைக்குள்ளை வைக்கவும் கூடாது. வைச்சால் ஒருநாள் அதோடை சேந்து போயிடும்."

எங்கள் கோப்பு மூன்று பக்கம் வரும். ஒவ்வொரு முகவரிக்கும் மேல் வரியில் ஒரு # குறியைப் போட்டு, அது யார் என்று ஒரு குறிப்பு எழுதியிருப்பார். அந்த வரியில் # குறிக்குப் பின்னால் இருப்பதை இயந்திரம் வாசிக்காது, மனிதர் வாசிப்பதற்கு மட்டும். 'கிராண்ட்பாஸ் ஹாட்வெயார் முதலாளி. தலைப்பு எழுதமாட்டார், எல்லாம் பெரிய எழுத்து. கோபம் இல்லை, பழக்கம்.' 'திருகோணமலைக் கப்பல்காரர். ஒரே கடிதத்தை மூன்று தரம் அனுப்புவார்.' 'தெஹிவளை பெரியதம்பி. மருந்து இறக்குபவர். இவருடைய கடிதத்தில் மாத்திரைப் பெயர்கள் உண்மையாகவே இருக்கும்.'

2006இல் அலுவலகத்தைச் சோதனை போட்டபோது, கணினி தெரிந்த ஓர் இளம் அதிகாரி அந்தக் கோப்பைக் கண்டுபிடித்து அச்செடுத்தார். இவர் ஆர், இவர் ஆர் என்று ஒவ்வொரு வரிக்கும் என் கணவர் பொலிஸ் நிலையத்தில் நாலு மணித்தியாலம் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கோப்பில் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அதை நான் கவனித்திருந்தேன். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆகவே அந்தப் புதன்கிழமை நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். எங்கள் கோப்பை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். பழைய விதிகளை அழிக்காமல் வேறொரு பெட்டிக்கு மாற்றினேன். புதியவற்றை இறக்கினேன். எங்கள் கோப்பு ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று வரிவரியாக ஒப்பிட்டேன். பிறகு ஹாட்வெயார் முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னேன். தலைப்பில்லாமல், பெரிய எழுத்தில், நேரே உள்ளே வந்தது. என் கணவருடைய வேலையை உடைக்காமல் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. போய்ப் பார்க்கும்போது சொல்ல ஒரு நல்ல செய்தி.

எனக்கு அப்போது வேறு நல்ல செய்தி இல்லை. அம்மாவும் தம்பி இரத்தினசிங்கமும் கிளிநொச்சியில் இருந்தார்கள். தம்பி அங்கே ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் களஞ்சியம் பார்த்தான். சமாதான காலத்தில் அம்மா ஒருமுறை வெள்ளவத்தைக்கு வந்து பத்தொன்பது நாள் நின்றார். கடற்கரை ரயில் போகும் ஒவ்வொரு தரமும் எழும்பி இருந்துவிட்டு, எனக்கு நித்திரை வேணும் பிள்ளை என்று திரும்பிப் போய்விட்டார். போர் தொடங்கிக் கிளிநொச்சிப் பாதை மூடிய பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் கணவர் சொல்லுவார். "தம்பியும் அம்மாவும் சுகமாம்." எப்படித் தெரியும் என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். அதற்கு அவர், "உமக்குத் தெரியாட்டி உம்மடை முகத்துக்கும் தெரியாது" என்றார். வவுனியாவிலிருந்து யாரோ அவருடைய கைத்தொலைபேசிக்கு எடுக்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அந்தத் தொலைபேசியை அவரோடு சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். மார்கழிக்குப் பிறகு எனக்கு ஒரு செய்தியும் இல்லை.

தை மாதம் பார்க்கப் போனபோது, "உங்கடை மின்னஞ்சலை நான்தான் இப்ப பாக்கிறன். வாடிக்கைக்காரர் எழுதினால் பதில் போட வேணுமெல்லே" என்று சொன்னேன். "பாரும்" என்றார். "ஒவ்வொரு நாளும் பாரும்." இரண்டு தரம் சொன்னார். வேலையில் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் பார்க்க விடவில்லை. பங்குனி பதினைந்தாம் திகதி சனிக்கிழமை விட்டார்கள். நீளமான ஒரு மேசை. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். மேசையின் ஒரு முனையில் தமிழ் தெரிந்த ஒரு காவலர் இருந்தார். உரத்துத்தான் கதைக்க வேண்டும். என் கணவர் மெலிந்திருந்தார். ஆனாலும் என்னைக் கண்டதும், "என்ன, றொபேட் ஐயா இன்னும் தலைமயிர் வைச்சிருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"இருக்கிறதும் இந்த ஸ்பாமாலை போகப் பாத்தது. இப்ப பிரச்சினை இல்லை. நான் புது விதியளைப் போட்டிட்டன்."

அவர் கதிரையின் முன்னுக்கு நகர்ந்தார்.

"பயப்படாதேங்கோ. எங்கடை கோப்பிலை நான் கை வைக்கேல்லை. வரிவரியாப் பாத்தனான். அவையின்ரையைத்தான் மாத்தினனான்."

அவருடைய முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒன்றைக் கண்டேன். பிடித்துக்கொண்டுபோன அன்று காலையிலும் அது இருக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது.

"எப்ப?"

"மாசி பதின்மூண்டு."

"ஒரு மாதம்."

"ஓம். ஏன்?"

அவர் காவலரைப் பார்த்தார். காவலர் சிரித்தார். "என்ன தொரை, இங்க வந்தும் ஒபிஸ் வேலையா? நோனாவுக்கு நல்ல வார்த்தை ரெண்டு சொல்லுங்க."

"பழசு எங்கை?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அழிக்கேல்லை. வேறை பெட்டியிலை கிடக்கு."

"குப்பை எத்தினை நாள் நிக்கும்?"

"முப்பது நாள். பிறகு தானா அழியும். நீங்கள் வைச்சதுதானே."

அவர் மேசையில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். "கனகா, எங்கடை ஒண்டை நான் அவையின்ரைக்குள்ளை வைச்சிட்டன்."

"எதை?"

"சுகம் சொல்லுறதை."

காவலருக்கு அது அலுவலகக் கதை. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. பிறகு 'தம்பியும் அம்மாவும் சுகமாம்' என்பது நினைவுக்கு வந்து எனக்குக் காது அடைத்தது. அவர் இன்னும் ஏதோ சொன்னார். உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். நான் எழுந்து, கொண்டுபோன பிஸ்கட் பையை அவரிடம் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். ரயிலில்தான் அது மடியில் இருப்பதைக் கண்டேன்.

கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். சனிக்கிழமைப் பின்னேரம், அலுவலகம் பூட்டியிருந்தது. ஐறீனின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. அவள் துவைத்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு நின்றாள். "திறப்பைத் தாரும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் பழைய விதிகளைத் திறந்தேன். நாலாயிரத்து இருநூறு வரி ஆங்கிலம். 'உள்ளே விடு' என்ற கட்டளையைத் தேடக் கொடுத்தேன். இரண்டாயிரத்து எண்பதாவது வரிக்குப் பக்கத்தில், ஆபாச விளம்பரங்களைப் பிடிக்கும் விதிகளுக்கு நடுவில், யாரும் நின்று வாசிக்காத ஓர் இடத்தில் அது இருந்தது. இலவச மின்னஞ்சல் முகவரி ஒன்று, வேறொருவருடைய பெயரில். இந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் உள்ளே விடு. அவர் எழுதிய எல்லா வரிகளுக்கும் குறிப்பு இருக்கும். இதற்கு இருக்கவில்லை. இன்னொரு சோதனையில் எங்கடை கோப்பை அச்செடுத்தாலும் இது அகப்படாது. இந்த வரியைக் காப்பாற்றத்தான் இரண்டு வருடம் றொபேட்டிடம் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருக்கிறார்.

பிறகு குப்பையைத் திறந்தேன். பதினோராயிரத்துச் சொச்சம் கடிதங்கள். அந்த முகவரியைக் கொடுத்தேன். மூன்று வந்தன. மூன்றுக்கும் தலைப்பு ஒன்றேதான்: Rfk;

பழைய தமிழ் எழுத்துருவில் தட்டினால், அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தட்டச்சுக்காரியான எனக்கு அது பார்த்தவுடனே சுகம் என்று தெரியும். கடிதத்தின் மேலே புதிய விதிகள் போட்ட புள்ளிகள் இருந்தன. ஐந்துக்கு மேல் போனால் குப்பை. சந்தேகத்துக்குரிய செய்மதி வழி, மூன்று. இலவச முகவரி, ஒன்று. அர்த்தமற்ற எழுத்துகள், நாலு.

அர்த்தமற்ற எழுத்துகளை நான் எழுத்துருவை மாற்றி வாசித்தேன்.

முதலாவது மாசி இருபத்தேழு. 'அத்தான், கார்த்திகையில் எழுதிய விசயம் சரிவந்துவிட்டது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்காக இங்கிருந்து வெளியேறிக் கொழும்பு வரப் பாஸ் தருகிறார்கள். துணைக்கு என்னையும் விடுகிறார்கள். கொழும்பு வீட்டுப் பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியும், கண் டொக்டர் திகதி கொடுத்த கடிதமும் பங்குனி பத்துக்கு முதல் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். அக்காவுக்கு இப்போது சொல்லவேண்டாம். பாஸ் கையில் வந்தபின் சொல்லுவோம். அம்மா ரயில் சத்தத்துக்குக் காதுக்குள் பஞ்சு வைப்பாராம்.'

இரண்டாவது பங்குனி ஐந்து. 'அத்தான், கடிதம் கிடைத்ததோ? இன்னும் ஐந்து நாள்.'

மூன்றாவது பங்குனி பத்து. 'அலுவல் கூட ஆக்கும். பரவாயில்லை. அடுத்தமுறை பார்ப்போம்.'

"அக்கா, என்ன எழுதியிருக்கு?" என்று ஐறீன் கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். திரை அவளுக்கு முன்னால்தான் இருந்தது. இருந்தும் கேட்டாள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வந்தது, "பொலிஸ் துண்டு என்ரை கைப்பையிலை இருக்கு" என்பதுதான். உண்மையில் இருந்தது. சோதனைச் சாவடிகளுக்காக எப்போதும் கொண்டு திரிவேன். எடுத்து மேசையில் வைத்தேன். நாலாக மடித்த ஒரு தாள். அந்த ஒரு மாதமும் தினமும் காலை எட்டரைக்கு அந்தக் கைப்பையை அந்தச் சேர்வருக்கு மேலேதான் வைத்திருக்கிறேன்.

ஐறீன் அதை எடுத்து ஸ்கேன் பண்ணினாள். அன்றைக்கே அனுப்பினோம். திங்கட்கிழமை கண் டொக்டரின் திகதியும் எடுத்து அனுப்பினேன். புதன்கிழமை பதில் வந்தது.

'அக்கா, நீங்களோ எழுதுகிறது? அத்தானுக்கு என்ன? பாஸ் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஒரு தாய்க்கும் மகளுக்கும். ஆவணியில் திரும்ப எழுதிப் பார்க்கலாம் என்கிறார்கள். உங்கள் எழுத்தைக் கண்டதே எங்களுக்குப் பெரிய காரியம். அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.'

அவன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நடந்ததை நான் எழுதினேன், ஒளிக்கவில்லை. அதற்கு அவன், 'மெசின் பிழை விட்டால் என்ன செய்கிறது, அக்கா' என்று எழுதினான்.

அந்த மாசி பதின்மூன்றிலிருந்து மீண்டு வர எனக்கு நெடுங்காலம் எடுத்தது. இப்போதும் முழுதாக வந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் அந்தப் பணிஸின் மிளகு நாக்கில் வரும்.

தில்லைநாதனை ஆடியில் விட்டார்கள். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. முதல் நாள் அலுவலகம் வந்ததும் எங்கள் கோப்பைத் திறந்து பார்த்தார். தம்பியின் முகவரியை நான் அதில் கடைசி வரியாகச் சேர்த்திருந்தேன், அன்றைக்கே, அந்தச் சனிக்கிழமையே. # குறியும் போட்டிருந்தேன். ஆர் என்று எழுதப் பயம். வெறுமையாக விட்டிருந்தேன்.

"பிழை என்ரை, கனகா. செய்யக் கூடாது எண்டு சொன்னதை நானே செய்தனான்."

"புதுசைப் போட்டது நான்."

"உமக்குச் சொல்லாமல் விட்டது நான்."

இந்த மூன்று வசனத்தையும் ஒரு வருடமளவு மாறிமாறிச் சொல்லிக்கொண்டோம். பிறகு நிறுத்திவிட்டோம்.

ஆவணியில் பாஸ் கொடுப்பதை அடியோடு நிறுத்தினார்கள். புரட்டாதியில் அரசாங்கம் தொண்டு நிறுவனங்களை வெளியேறச் சொன்னது. தம்பி மின்னஞ்சல் அனுப்பிய செய்மதித் தட்டையும் அவர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு முதல்நாள் தம்பி எழுதினான். 'இனி எழுத வசதியில்லை. அம்மாவுக்கு இடது கண் தெரியாது, வலது கண் பரவாயில்லை. சுகம்.' அதன் பிறகு அந்த முகவரியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

2009 ஆனியில் வவுனியா முகாம் ஒன்றில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தம்பியோடு களஞ்சியத்தில் வேலை செய்த சிவபாதசுந்தரம் என்பவர் சொன்னார். மாசியில் அம்மா. நாலு நாளுக்குப் பிறகு தம்பி. இரண்டும் ஷெல். அம்மாவைக் குழி வெட்டித் தாட்டது தம்பி. தம்பியைத் தாட்டது தான் என்றார். இடத்தைக் கையால் காட்டப் பார்த்தார். எந்தத் திசை என்று அவருக்கே தெரியவில்லை. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். "வெயிலுக்குள்ளை நிக்காதேங்கோ, அக்கா" என்று அவர் சொன்னார்.

நாலு வருடம் கழித்து றொபேட் பழைய சேர்வரை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலை வேறொரு கம்பனியிடம் கொடுத்தார். அங்கிருந்து வந்தவர் எங்கள் கோப்பைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதெல்லாம் வேணுமா? பாதி முகவரி இப்ப வேலை செய்யாது" என்று கேட்டார். உண்மைதான். ஹாட்வெயார் முதலாளி மகனோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். பெரியதம்பி தொழிலை விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் அப்பிடியே போடுங்கோ" என்றேன்.

போட்டார். அவையின்ரையை இப்போது கிழமைக்கு ஒருமுறை தானாகவே மாற்றுகிறார்கள். எங்கடை கோப்பு அதே மூன்று பக்கம், கடைசியாக வாசிக்கப்படுகிறது. அதன் கடைசி வரிக்கு மேலே இருக்கும் # குறிக்குப் பின்னால் ஒன்றும் எழுதப்படவில்லை.